டோவர் குன்றும் எங்கள் ஊர் மந்தையும்

இங்கிலாந்தில் கம்பளி வணிகத்தில் செழித்த பழைய ஊர் சிப்பிங் கேம்டன். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், கடைத்தெரு நடுவே 1627-இல் கட்டிய சந்தை மண்டபம். கணவரின் மருத்துவமனை வேலைக்காக இந்தப் பக்கம் குடியேறியபோது தமிழ் பேசும் வீடு அருகில் ஒன்றுகூட இல்லை. பார்த்தால் சிரிப்பார்கள், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள், அதோடு சரி. ஊருக்குள் எங்களை இழுத்துக்கொண்டது ஒரு விளையாட்டு விழா.

பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு நாள் கதவைத் தட்டினார். "உங்களுக்குத் தைக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டேன். விழாவுக்குக் கழுத்துப்பட்டைகள் வேண்டும், உதவ முடியுமா?" என்றார். அந்தக் காலத்துப் பிரபுக்களின் ஓவியங்களில் கழுத்தைச் சுற்றித் தட்டுப் போல நிற்குமே, அந்த வெள்ளைப் பட்டை. நீளத் துணியை எட்டு வடிவில் மடித்து மடித்துத் தைக்க வேண்டும். புடவைக் கொசுவம் பிடித்துப் பழகிய விரலுக்கு அது எளிதாகவே வந்தது. விறைப்பாக நிற்க என்ன செய்வது என்று அவர் யோசித்தார். பருத்திப் புடவைக்குப் போடுவது போலச் சோற்றுக் கஞ்சி வடித்துத் தோய்த்து, முக்கால் ஈரத்தில் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். நான்கு பேர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

விழாவின் பெயர் காட்ஸ்வோல்ட் ஒலிம்பிக். ராபர்ட் டோவர் என்ற வழக்கறிஞர் 1612-இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள்; ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கியதற்கு 284 ஆண்டுகள் முன்பு. மன்னர் முதலாம் ஜேம்ஸ் தம்முடைய பழைய உடைகளையே டோவருக்குக் கொடுத்தனுப்பினாராம். இன்றும் டோவர் வேடம் போடுபவர் இறகு வைத்த தொப்பியும் கழுத்துப்பட்டையுமாக, விழா நடக்கும் டோவர் குன்றுக்கு வருகிறார். மரத்தால் செய்த சிறு கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கினால் ஆட்டம் ஆரம்பம்.

சாக்கு ஓட்டமும் கயிறு இழுத்தலும் நமக்குத் தெரிந்தவைதான். கூட்டம் முண்டியடித்துப் பார்ப்பது கால் உதைப் போட்டியை. முழங்காலுக்குக் கீழே, எலும்பு தோலை ஒட்டியிருக்கும் இடத்தில் உதைத்து எதிராளியைத் தரையில் வீழ்த்த வேண்டும். இருவரும் மேய்ப்பர்களின் பழைய அங்கியை நினைவூட்டும் வெள்ளை மேலங்கி அணிந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். காற்சட்டைக்குள் வைக்கோலைத் திணித்துக்கொள்ளலாம். அது ஒன்றே கவசம். மோதல் சூடேறும்போது வைக்கோல் காலடியில் பொலபொலவென்று உதிரும். எலும்பில் பட்ட உதையின் சத்தம் முன்வரிசையில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

இவ்வளவு களிப்பான விழா நூறு ஆண்டு இல்லாமலே போயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் பெருகி, குடியும் அடிதடியும் மிகுந்ததாகப் புகார் எழுந்தது. ஆனால் அதை முடித்து வைத்தது நிலம். பொது நிலத்தை அடைத்துப் பங்கு போடச் சட்டம் வந்தது. 1852-க்குப் பிறகு விழா இல்லை. 1920-களில் அந்தக் குன்றில் ஓட்டல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது எஃப். எல். கிரிக்ஸ் என்ற ஓவியர் முன்னின்று போராடினார்; குன்று, பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பாதுகாப்புக்குப் போனது. அந்தப் புல்வெளி பிழைத்துக் கிடந்ததால்தான் 1951-இல் ஊர்க்காரர்கள் விழாவைத் திரும்ப எழுப்ப முடிந்தது.

இதைக் கேட்டபோது மதுரைப் பக்கத்து எங்கள் ஊரின் பொதுத் திடலான மந்தை என் மனத்தில் வந்து நின்றது. பொங்கலுக்கு அங்கேதான் உறியடி, வழுக்கு மரம் எல்லாம். வழுக்கு மரத்தில் பாதி ஏறிச் சறுக்குகிறவனை மந்தையின் மணல் தாங்கிக்கொள்ளும். மந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிவேலி விழுங்கியது. மரத்தைத் தார்ச்சாலை ஓரம் நட்டார்கள். மேலே மின்கம்பி, கீழே தார். விழுந்தால் எலும்பு மிஞ்சாது என்று பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள். இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை என்று இப்போது குறை சொல்கிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. விளையாட இடம் கொடுத்துவிட்டல்லவா ஆர்வத்தைப் பற்றிப் பேச வேண்டும்?

புதுப்பித்த விழா வெறும் வேடிக்கை, உண்மையான மரபு இல்லை என்று ஒரு நண்பர் வாதிட்டார். வாரக்கணக்கில் மாலை வேளைகளைக் கொடுத்து வைக்கோல் கட்டுபவர்களையும் கயிறு கட்டி எல்லை போடுபவர்களையும் அவர் பார்த்ததில்லை. 2017-இல் விழா நடக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி நடத்தினார்கள். ஊருக்கு இது வேண்டும் என்று நினைப்பவர்கள் இருக்கும் வரை இது மரபுதான்.

மே மாதக் கடைசித் திங்கள் இங்கே வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை. அதற்கடுத்த வெள்ளி மாலை விழா. இருட்டியதும் பெரிய தீ மூட்டி, பந்தங்களோடு ஊர்ச் சதுக்கம் வரை நடக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வாருங்கள். குன்றில் காற்று பலமாக அடிக்கும், புல் வழுக்கும். நல்ல காலணியும் கனமான மேற்சட்டையும் அவசியம். அடுத்த முறை கயிறு இழுக்க என் கணவர் பெயர் கொடுத்திருக்கிறார், அவர் அணிக்கு இன்னும் ஆள் தேவை.