லேப்டாப்பில் மட்டும் நெட் ஸ்லோவா? பிளானை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

எடுத்திருப்பது 100 எம்பிபிஎஸ் பிளான். போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 90-க்குக் குறையாது. அதே மேசையில் இருக்கும் லேப்டாப்போ 20-ஐத் தாண்டாது. இந்த வித்தியாசத்தை கஸ்டமர் கேரில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்போது கூப்பிட்டாலும் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். அப்புறம், "300 பிளானுக்கு மாறிடுங்க, சரியாகிடும்" என்றார்கள். இருக்கிற நூறே லேப்டாப்புக்கு வந்து சேராதபோது முந்நூறு எப்படி வரும்?

நேரில் வந்த டெக்னீஷியன் ரூட்டர் பக்கத்தில் நின்று தன் போனில் டெஸ்ட் எடுத்தார். "ஃபுல் ஸ்பீடு வருது" என்று சொல்லி கம்ப்ளைண்டை முடித்துவிட்டுக் கிளம்பினார். லேப்டாப்பைத் தொடவே இல்லை. உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், எதில் பிரச்சினையோ அதிலேயே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை கம்ப்ளைண்டை முடிக்க விடாதீர்கள்.

லேன் கேபிள் போட்டு லேப்டாப்பை நேராக ரூட்டரில் இணைத்ததும் 94 வந்தது. ஆக, லைனில் குறையில்லை, வைஃபையில்தான் ஏதோ இருக்கிறது. லேப்டாப்பின் வைஃபை டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன், ரூட்டரை உயரமான இடத்துக்கு மாற்றினேன். இரண்டாலும் பலனில்லை.

துப்பு கிடைத்தது விண்டோஸ் செட்டிங்ஸில். இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீடு', 'செக்யூரிட்டி டைப்' என்று வரிகள் இருக்கும். (மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைத் தொட்டால் இதே விவரம் வரும்.) லிங்க் ஸ்பீடு என்பது லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையிலான வைஃபை வேகம். எனக்கு அது 54 என்று காட்டியது. 2003-இல் வந்த 802.11ஜி என்ற பழைய வைஃபை தரத்தின் உச்ச வேகம் அது. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. இவ்வளவு புதிய லேப்டாப் ஏன் அங்கே நிற்கிறது? செக்யூரிட்டி டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையில் (வைஃபையில் போகும் தகவலைப் பூட்டும் முறை) இருந்ததுதான் காரணம். டிகேஐபியிலோ அதைவிடப் பழைய டபிள்யூஇபி குறியாக்கத்திலோ இணைந்தால், 802.11என் முதல் வந்த புதிய வேகங்களுக்கு அனுமதியே கிடையாது. ரூட்டரை மாட்டியவர் பழையதும் புதியதும் கலந்த முறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன் புதிய ஏஇஎஸ் முறையைப் பிடித்துக்கொண்டது, லேப்டாப் பழையதில் மாட்டிக்கொண்டது.

காரணம் தெரிந்தும் மாற்ற முடியவில்லை. ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "பாதுகாப்புக் காரணம், தர முடியாது" என்றார்கள். பாதுகாப்பு குறைந்த முறையில் வைத்ததே அவர்கள்தானே! கோபத்தில் ரீசெட் பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள். பல இணைப்புகளில் பிபிபிஓஇ (ரூட்டர் நெட் கம்பெனியோடு லாகின் செய்யும் முறை) யூசர் நேமும் பாஸ்வேர்டும் ரூட்டருக்குள்ளேதான் இருக்கும். அது அழிந்தால் நெட்டே போய்விடும். பேசுகிறவருக்கு மேலே இருப்பவரிடம் இணைக்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றேன். அவர் "டிகேஐபி" என்ற சொல்லைக் கேட்டதுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். அங்கிருந்தபடியே செக்யூரிட்டியை 'டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும்' என்று மாற்றினார். ரூட்டர் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகிறது; அதில் வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயரும் வைத்துக் கொடுத்தார்.

லேப்டாப்பில் பழைய நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். இதை விட்டுவிட்டால் பழைய அமைப்பையே அது பிடித்துக்கொண்டிருக்கலாம். 2.4-இல் லிங்க் ஸ்பீடு 144-க்கு ஏறியது. 5 ஜிகாஹெர்ட்ஸில் 866! டெஸ்ட்டில் 90-க்கு மேல் வந்ததைப் பார்த்தபோது அப்படி ஒரு நிம்மதி. 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டினால் சீக்கிரம் பலவீனமாகும், அதனால் தூரத்து அறைக்கு 2.4-ஐயே வைத்திருக்கிறேன்.

ஏஇஎஸ் தெரியாத பழைய கருவிகள் இதற்குப் பிறகு வைஃபையில் சேராது. எங்கள் பழைய பிரிண்டர் சேரவில்லை, அதை யுஎஸ்பி கேபிளில் இணைத்துவிட்டேன்.