12 மணி நேரம் சும்மா இருங்கள்

புது போன் வாங்கி வங்கிச் செயலியில் டிஜிட்டல் டோக்கனை (பணம் அனுப்புவது நாம்தான் என்று உறுதிசெய்யும் வசதி) போட்டால், வேலை செய்ய 12 மணி நேரம் ஆகுமாம். கோபம் கோபமாக வந்தது. மூன்று நிமிடத்தில் அடுத்த ரயில் வரும் என்று தெரிந்தும் எஸ்கலேட்டரில் வலப்பக்கமாக ஏறி ஓடுகிற ஆள் நான்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மோசடிக்காரர்களின் மூலதனமே நம் அவசரம்தான். அதனால் 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் கொண்டுவந்த ஏற்பாடு இது. யாராவது போனில் விரட்டினால், வைத்துவிட்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-க்கு அழைத்துக் கேட்கலாம்.

சரி, போனிலேயே பணம் அனுப்பும் பேநவ் இல்லை. சில்லறை தேடிக் காசு கொடுத்து, கோப்பிக் கடையில் உட்கார்ந்தே தே தாரிக் குடித்தேன். எத்தனை நாளாயிற்று!

திரும்பும்போது எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காப்புறுதி விற்கும் தம்பி பிடித்துக்கொண்டார். "இன்னிக்கே கையெழுத்துப் போட்டா சலுகை அண்ணே." பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். (ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த பிறகும் 14 நாள் யோசித்துத் திருப்பித் தரலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது.) "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டார்: "எத்தனை வருஷம் கட்டணும்?"

அதைக் கேட்கவே இல்லை நான்.