டொச் வசனத்துக்குத் தமிழ்தான் பக்கம்

ஜெர்மனிக்கு வரும் நம்மவர்கள் பலர் டொச்சை, அதாவது ஜெர்மன் மொழியை, ஆங்கிலத்தின் வழியாகவே படிக்கப் பார்க்கிறார்கள். சொல் பொறுக்க அது உதவும். வசனம் அமைக்கத் தமிழையே பிடித்துக்கொள்ளுங்கள்.

'வைல் இஷ் ஹொய்ட்டெ ஆர்பைட்டன் முஸ்' என்பதைப் பாருங்கள். இஷ் என்றால் நான், ஹொய்ட்டெ இன்று, ஆர்பைட்டன் வேலை செய்ய, முஸ் வேண்டும். 'நான் இன்று வேலை செய்ய வேண்டும் என்பதால்.' முன்னால் நிற்கும் 'வைல்' மட்டும் தமிழில் 'என்பதால்' ஆகிக் கடைசிக்குப் போகிறது. மற்ற நான்கும் அச்சொட்டாக அதே வரிசை. ஆங்கிலத்தில் யோசிப்பவர்கள்தான் 'முஸ்' என்பதை நடுவில் போட்டுவிடுகிறார்கள்.

'வைல்' இல்லாமல் சாதாரணமாகச் செய்தி சொல்லும்போது வினைக்கு, இங்கே 'முஸ்' என்பதற்கு, இரண்டாம் இடம். 'ஹொய்ட்டெ' முன்னுக்கு வந்தால் 'இஷ்' பின்னுக்குப் போகவேண்டும்: 'ஹொய்ட்டெ முஸ் இஷ் ஆர்பைட்டன்.' இதற்குத் தமிழ் உதவாது. வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே வழி.

நீளச் சொற்களுக்குப் பயப்படாதீர்கள், வாலிலிருந்து பிரியுங்கள். புதிய வீட்டுக்குப் போன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவதற்குக் கேட்கும் தாள் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்.' பெஷ்டேட்டிகுங் உறுதிக் கடிதம், கேபர் கொடுப்பவர், வோனுங் வீடு. இடையில் வரும் 'ஸ்' வெறும் ஒட்டு. கடைசிச் சொல்தான் பொருளுக்கும் பாலுக்கும் தலை. 'உங்' என்று முடியும் இந்த மாதிரிப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெண்பாலைக் காட்டும் 'டீ' (die) போட்டால் சரி.

ஒலியில்தான் நாம் அதிகம் இடறுகிறோம். பொதி கட்டுவதும் (packen) 'பக்கன்', கேக் சுடுவதும் (backen) 'பக்கன்' என்று தமிழில் எழுதிவைத்தால் வித்தியாசமே தொலைந்துவிடும். வாய்க்கு முன்னால் மெல்லிய தாள் ஒன்றைப் பிடியுங்கள்: பொதி கட்டும் சொல்லின் முதல் எழுத்துக்குத் தாள் நன்றாக ஆடவேண்டும், கேக்குக்கு ஆடக்கூடாது. அதனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துவைக்காதீர்கள். மேலே இரண்டு புள்ளி வைத்த 'உ' வராவிட்டால், 'ஈ' என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள்.

குறில் நெடில் நமக்குச் சொத்து. 'ஓஃபன்' அடுப்பு, 'ஒஃபன்' திறந்திருக்கிறது. இரண்டாவதில் 'எஃப்' இரண்டு முறை எழுதப்படுவது முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டத்தான்; நம் 'பக்கம்' போல அழுத்தக்கூடாது.

எண்களில் ஒன்றின் இடம் முதலில் வரும்: 25 'ஃபுன்ஃப்-உண்ட்-ட்ஸ்வான்ட்ஸிஷ்', அதாவது ஐந்தும் இருபதும். கேட்டதும் எழுதினால் 52 ஆகிவிடும். தொலைபேசி எண் சொல்பவரிடம் 'ஐன்ட்செல்ன், பிட்டெ' என்று கேளுங்கள். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார்கள்.