முப்பது வேலை நாட்கள்

சென்னையில் சட்டம் படித்தேன். ஆனால் வழக்கறிஞராகப் பதிவு செய்யாமலே லண்டன் வந்துவிட்டேன். இங்கே சொலிசிட்டர் எனும் வழக்கறிஞர் ஆக, 2021-ல் வந்த எஸ்கியூஇ என்ற தகுதித் தேர்வின் இரண்டு கட்டங்களையும் தாண்ட வேண்டும். கூடவே 2 ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். சிறிய அலுவலகம் ஒன்றில் இடம் கிடைத்தது. முதல் ஆறு மாதம் வீடு வாங்கி விற்கும் பிரிவு.

என் மேற்பார்வையாளரை முதல் நாள் 'மேடம்' என்றேன். பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். என்னைவிட இருபது வயது மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. வியாழக்கிழமை மாலை அரை மணி நேரம் எனக்கென்றே ஒதுக்குவார். எவ்வளவு சின்னக் கேள்வி என்றாலும் கேட்கலாம். நான் எழுதிய கடிதங்களில் எதை, ஏன் மாற்றினார் என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வார்.

நான்காவது மாதம் ஒரு தவறு செய்தேன். வீடு வாங்குபவருக்காக, பணம் கைமாறும் முன் லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசுச் சொத்துப் பதிவு அலுவலகத்தில், அந்த வீட்டின் பதிவைச் சரிபார்க்க ஒரு தேடல் போடுவோம். அதன்பின் 30 வேலை நாட்களுக்கு நம் கட்சிக்காரருக்கு முன்னுரிமை உண்டு. அதற்குள் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டால், இடையில் விற்பவர் பேரில் வேறு யாரும் அந்த வீட்டின் மேல் கடன் பதிந்தாலும் அது நம்மைப் பாதிக்காது. நானோ தேடல் போட்ட நாளுக்குப் பதிலாகப் பணம் கைமாறிய நாளிலிருந்து எண்ணிக் காலண்டரில் குறித்திருந்தேன். விற்றவரின் வங்கிக் கடன் அடைந்ததற்கான உறுதி வரட்டும் என்று நிதானமாகக் காத்துக்கொண்டும் இருந்தேன்.

ஒரு நாள் இரவு படுக்கையில் திடீரென்று சந்தேகம் வந்தது. தூக்கம் போச்சு. காலை எட்டு மணிக்கே அலுவலகம் போய்க் கோப்பைப் பிரித்தேன். முன்னுரிமை முடிய இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

மேற்பார்வையாளர் வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் கேட்டது ஒன்றுதான்: "முத்திரைத் தீர்வைச் சான்று கையில் இருக்கிறதா?" இருந்தது. தீர்வையை 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்பதால் அதை மட்டும் முன்பே முடித்திருந்தேன். "சரி, வங்கியின் உறுதிக்குக் காத்திருக்க வேண்டாம், அதைப் பிறகு சேர்க்கலாம். இப்போதே விண்ணப்பம் போடு, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார். தட்டச்சு முழுக்க என் கையால்தான். ஒவ்வொரு கட்டத்தையும் அவர் கூடவே பார்த்தார்.

திட்டு விழும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். விழுந்திருந்தால், அடுத்த தவறை நிச்சயம் மறைத்திருப்பேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும், எல்லாக் கோப்புகளின் முதல் பக்கத்திலும் தேடல் நாளையும் முன்னுரிமை முடியும் நாளையும் சிவப்பில் எழுதச் சொன்னார். என் கோப்புகளில் மட்டுமல்ல, அவருடையவற்றிலும். அன்று மாலை வரை இருவரும் அதைத்தான் செய்தோம்.