பழைய காசுப் புத்தகங்களை ஸ்கேன் செய்த அனுபவம்

நாணயம் சேகரிக்கிறவரிடம் காசைக் கேட்டால் பெட்டியைத் திறந்து கையிலேயே கொடுத்துவிடுவார். புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும். அதில் நியாயமும் இருக்கிறது. பஜாரில் தேய்ந்துபோன ஒரு செப்புக்காசு வந்தால், அது வேணாட்டு (தென்கேரளத்துப் பழைய அரசு) காசா, பிற்காலப் பாண்டியர் காசா என்று சொல்லும் புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறதோ, அவர்தான் அதைச் சல்லிசாக வாங்கிப் போவார். தொழில் ரகசியம் மாதிரிதான்.

திருநெல்வேலிப் பக்கம் காசு சேர்க்கிற நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுவோம். 1888ல் சென்னையில் அச்சான ஒரு சின்னப் புத்தகம் உண்டு. லோவந்தால் என்ற பாதிரியார் டின்னவெலி, அதாவது திருநெல்வேலி, நாணயங்களைப் பற்றி எழுதியது. எங்கள் ஊர்க் காசைப் பற்றிய புத்தகம். எங்களில் ஒருவரிடமும் அசல் இல்லை. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்த பிரதிதான் எல்லோரிடமும் இருந்தது. அதில் மீன் சின்னமும் தெரியாது, நிற்கும் உருவமும் தெரியாது, கரும்பொட்டுதான் தெரியும். வால்டர் எலியட்டின் 1886 புத்தகம், டஃப்னல் சேகரிப்பாளர்களுக்கென்றே எழுதிய 1889 கையேடு, தர்ஸ்டனின் 1890 நூல், தேசிகாச்சாரி 1933ல் வெளியிட்ட தென்னிந்திய நாணயங்கள், காட்ரிங்டனின் 1924 இலங்கை நூல் எல்லாமே ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. இவற்றையெல்லாம் ஒழுங்காகப் படமெடுத்து ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்றுதான் ஆரம்பித்தோம்.

'அதான் இணையத்திலேயே கிடைக்குதே' என்பார்கள். சிலது கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரதிகள் பெரும்பாலும் எழுத்துக்காக ஸ்கேன் செய்தவை. கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிறம். நடுவில் சாம்பல் கிடையாது. எழுத்தை வாசிக்க அது போதும், காசை அடையாளம் காணப் போதாது. மடித்து ஒட்டிய வரைபடத்தைப் பிரிக்காமலே படமெடுத்திருப்பார்கள். நம் வேலையில் புத்தகம் என்றால் கடைசியில் இருக்கும் பிளேட்டுகள்தான், அதாவது காசுப் படங்களை வரிசையாக அச்சிட்ட தாள்கள். அவை சரியில்லாவிட்டால் மற்ற பக்கங்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முதல் சிக்கல் புத்தகத்தைக் கைக்குக் கொண்டுவருவது. ஒரு நூலகத்தில் மனுக் கொடுத்தோம், பதிலே இல்லை. தனியார் வீடுகள்தான் வழி. பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சி தெளிவாகச் சொல்லிவிட்டார்: 'தம்பி, புக்கு வாசப்படி தாண்டாது. வேணும்னா உங்க மிஷினைத் தூக்கிட்டு வாங்க.' அவர் சொன்னதே எங்களுக்குத் திட்டமாகிவிட்டது. தட்டையாக அமுக்கி ஸ்கேன் செய்யும் மிஷினில் பழைய புத்தகத்தை வைத்தால் முதுகு உடைந்துவிடும். அதனால் ஆசாரியிடம் சொல்லி, ஆங்கில வி எழுத்து வடிவில் ஒரு மரத்தொட்டில் செய்தோம். புத்தகம் பாதி திறந்த நிலையில் அதில் படுத்திருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேமரா எதிர்ப்பக்கமிருந்து பார்க்கும். கழற்றி ஆட்டோவில் ஏற்றும்படி திருகாணி போட்டுச் செய்யச் சொன்னோம். வாழ்க்கையில் நான் ஆசாரியிடம் செய்யச் சொன்னதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

வீட்டில் போய் வேலை பார்ப்பதில் சங்கடம் வெயில்தான். ஃபேன் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் வியர்வை சொட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் வந்த மரக்கூழ்த் தாள் அமிலம் ஏறிப் பழுத்திருக்கும். மூலையை மடக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கையுறை போடச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். வேண்டாம், கையுறைக்குள் விரலுக்குத் தாளின் கனம் தெரியாது, கிழிந்தபிறகுதான் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது. பிளேட்டுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளைத் தனியாகத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பல புத்தகங்களில் அந்தத் தாளில் காசுகளின் நிழல் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது. அதையும் படமெடுத்து வைத்தோம். ராமபாணப் பூச்சி தின்ற இடத்தில் ஒட்டுவேலை எதுவும் செய்யவில்லை. செலோடேப் போடத் துடித்த ஒருவரைத் தடுத்தது பெரிய பாடு. அந்தப் பசை சில வருஷத்தில் தாளை மஞ்சளாக்கி எழுத்தையும் தின்றுவிடும்.

இரண்டு எல்.இ.டி. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, ஜன்னலைப் போர்வையால் மூடி, வீட்டு டியூப்லைட்டை அணைத்துவிட்டால் வெளிச்சம் சரியாகிவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில் நீள்பக்கம் 6,000 புள்ளி. பத்து அங்குல உயரமுள்ள பக்கம் கேமராவின் படச்சட்டத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி வரும். எழுத்துக்கு 400 போதும், பிளேட்டுக்கு 600க்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். சுருக்காத டிஃப் கோப்பு ஒன்று 70 எம்.பி.க்கு மேல் வரும்; 200 பக்கப் புத்தகம் 14 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் விலையைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் மூலக் கோப்பை எறிந்துவிட்டு சுருக்கிய ஜேபெக் படத்தை மட்டும் வைத்துக்கொள்ள நான் ஒப்பவில்லை. இந்தப் புத்தகத்தை இன்னொரு தடவை இப்படித் திறக்க முடியுமா என்பதே சந்தேகம். இரண்டு வீட்டில் இரண்டு டிஸ்க், இணையத்தில் மூன்றாவது பிரதி. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எண். கோப்பு எங்காவது கெட்டுப்போனால் அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித் தரவில்லை. பழைய நூல்களில் பல பிளேட்டுகள் காசின் அசல் அளவிலேயே அச்சானவை. அனுபவசாலிகள் காசைப் பிளேட்டின் மேலேயே வைத்துப் பார்ப்பார்கள். ஒரே சின்னத்தில் பெரிசும் சிறிசுமாகக் காசுகள் இருக்கும்போது எந்த வகை என்று முடிவு செய்வது விட்டம்தான். பிடிஎஃப் ஆனதும் அந்த அளவு போய்விடுகிறது, திரைக்குத் திரை மாறும். அதனால் ஒவ்வொரு பிளேட்டின் ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலையும் ஒரு நிற அட்டையையும் வைத்து எடுத்தோம். பிடிஎஃப் செய்யும் மென்பொருள் பின்னணியைச் சுருக்குகிறேன் என்று பிளேட்டைக் குழப்பிவிடும். ஆகவே பிளேட்டுகளைத் தனிப் படங்களாகவும் ஏற்றினோம். தரவிறக்கிப் பார்ப்பவர்கள் பிடிஎஃப்பைத் தொடுவதே இல்லை, நேராகப் படங்களுக்குத்தான் போகிறார்கள்.

பென்சில் குறிப்பு வேறு கதை. அண்ணாச்சியின் எலியட் பிரதியில் ஓரமெல்லாம் எழுதியிருந்தது: எந்தக் காசை யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினார், எந்த ஊரில் கிடைத்தது என்று. வெளியே காட்டக் கூடாது என்றார். எனக்கோ அந்தக் குறிப்புகள் அச்சுக்கு நிகரான தகவல். கடைசியில் இரண்டு பிரதியாகச் செய்தோம். குறிப்பை மறைத்த படம் பொதுவுக்கு; மறைக்காதது பூட்டிய டிஸ்க்கில், அவர் சொல்லும்வரை. விலையைவிடக் கிடைத்த இடத்தை மறைப்பதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. கரூரில் அமராவதி ஆற்று மணலைக் காசுக்காக எப்படிச் சலித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பூமியிலிருந்து எடுக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புப் பெற்றால் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டும் என்கிற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டு ஆளை மண்வெட்டியோடு அனுப்புகிற வேலை நமக்கு வேண்டாம்.

காப்புரிமையில் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. புத்தகம் பழசென்றால் போதும் என்பது சிலர் கட்சி. சட்டம் அப்படியில்லை. எழுதியவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு. எலியட் 1887ல் போனார், தர்ஸ்டன் 1935, காட்ரிங்டன் 1942, மூவரும் கவலையில்லை. ஆனால் 1933ல் வந்த புத்தகமானாலும் எழுதியவர் 1970ல் இறந்திருந்தால் 2030 முடிய உரிமை உண்டு. ஆக, முதல் பக்கத்தில் போட்டிருக்கும் வருஷத்தைப் பார்த்துப் பயனில்லை, ஆள் இறந்த வருஷத்தைத் தேட வேண்டும். அரசாங்க வெளியீடு என்றால் வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60. உரிமை முடிந்தது உறுதியானதை மட்டும் பொதுவில் ஏற்றினோம். சங்ககால நாணயங்கள் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1997ல் வெளியிட்டது, மிட்சினரின் 1998 நூல் போன்றவற்றை ஒரு பக்கம்கூட ஏற்றவில்லை. அவற்றுக்கு அட்டவணை மட்டும். இந்த அரசன், இந்தச் சின்னம், இத்தனாம் பக்கம் என்று சொல்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

அந்த அட்டவணைதான் உண்மையான நூலகம் என்று இப்போது சொல்வேன். எழுத்துணரி மென்பொருள் ஆங்கிலப் பக்கங்களை நன்றாகவே படிக்கிறது. நம் பெயர்களின் உச்சரிப்பைக் காட்ட ஆங்கில எழுத்துக்கு மேலே கோடும் கீழே புள்ளியும் வைத்திருந்தால் தடுமாறும். தமிழ்ப் பக்கத்தில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, ளை வடிவங்கள் வந்தால் வாய்க்கு வந்ததைத் துப்பும். அதைத் திருத்திக்கொண்டு உட்காருவதைவிட, ஒவ்வொரு பிளேட்டிலும் உள்ள ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி எழுதிவிடலாம் என்று முடிவெடுத்தோம். சாதாரண எக்செல் தாள். அரசன் அல்லது மரபு, உலோகம், முன்பக்கம், பின்பக்கம், எழுத்து, எடை, புத்தகம், பிளேட், எண்.

எடைக்கு இரண்டு கட்டம். பழைய நூல்களில் கிரெய்ன் கணக்கு. இன்றைய தராசில் கிராம். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். 52 கிரெய்ன் வராகன் (பழைய பொற்காசு) என்றால் 3.37 கிராம் என்று பக்கத்திலேயே போட்டுவிட்டால் போலியை எடை போட்டுப் பார்ப்பவருக்கு வசதி. ஊர்ப் பெயர்களுக்கும் அப்படித்தான்: டின்னவெலி, ட்ரிச்சினாபொலி, டான்ஜோர், நெகபட்டம் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயரைச் சேர்த்தோம். நந்தி உருவத்தின் கீழ் 'சேது' என்று எழுதிய காசு ராமநாதபுரம் பக்கம் நிறையக் கிடைக்கும். அதை வைத்திருப்பவர் தமிழில் தேடினால் காட்ரிங்டன் யாழ்ப்பாண அரசர்களின் கீழ் வைத்திருக்கும் பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் இலங்கை நூலை அவர் திறந்தே பார்க்க மாட்டார்.

இந்த வேலைக்கு வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்தார். அவரில்லாமல் முடிந்திருக்காது. கேமராவுக்கு ஆள் வருவார்கள். வரி எழுத வர மாட்டார்கள். இதே மாதிரி தபால்தலைப் புத்தகமோ, பழைய கடிகாரம், பித்தளை விளக்குக் கேட்லாகோ செய்ய நினைப்பவர்கள் முதலில் அப்படி ஒருவரைப் பிடித்துவிட்டு அப்புறம் கேமரா வாங்குங்கள்.

அட்டவணை வந்தபிறகு கொடுக்கல் வாங்கலும் மாறியது. புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தவர்கள் தாங்களாகவே கொண்டுவருகிறார்கள், தங்கள் பிரதியில் பிளேட் தெளிவாக இருக்கிறது என்று. அண்ணாச்சி இன்னும் வாசப்படி தாண்ட விடவில்லை. தொட்டிலை அவர் வீட்டுத் திண்ணையிலேயே போட்டு வைத்திருக்கிறோம். இப்போது அதில் இருப்பவை நாணய வியாபாரிகள் முன்பு தபாலில் அனுப்பிய விலைப்பட்டியல்கள். எழுதியவர் பெயர் கிடையாது, பலவற்றில் வருஷமும் கிடையாது. தபால் முத்திரையைப் பார்த்துத்தான் வருஷத்தைக் குறித்துக்கொண்டு வருகிறோம்.