கடைசி வாரங்களில் என்னைப் பார்த்துக்கொண்டவர்கள்

முதல் பிரசவத்துக்கு, வளைகாப்பு முடிந்த கையோடு திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டாவதுக்கு அது முடியவில்லை. எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. வாக்கர் பிடித்து நடக்கிறவரிடம் போய் நான் உட்கார்ந்துகொள்ள முடியுமா? திருப்பூரில் கணவர் வீட்டிலேயே இருப்பதென்று முடிவானது. அத்தைக்கும் எனக்கும் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. ஆனால் மனம்விட்டுப் பேசிக்கொண்டதும் கிடையாது.

33வது வாரச் செக்கப்பில் பிரஷர் 140/90-ஐத் தாண்டியிருந்தது. சில மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள், இறங்கவில்லை. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக இப்படி ஏறினால் அது கர்ப்பகால இரத்த அழுத்தம். சிறுநீரில் புரதம் இல்லை, இரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தன, ஸ்கேனில் குழந்தையின் எடையும் பனிக்குட நீரும் போதுமானவை. டாக்டர் லேபெட்டலால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு சிக்கல் வராவிட்டால் 37 வாரம் முடிந்ததும் வலி வரவைத்துப் பிரசவம் பார்த்துவிடலாம் என்றார். அதுவரை காலையும் மாலையும் வீட்டில் பிரஷர் பார்த்து எழுதிவர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டை அத்தை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். பிரஷர் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படவேண்டும், கையில் சுற்றும் பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். நர்ஸ் சொன்னதை ஒரு தடவை கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டார். அந்த ஐந்து நிமிடம் டிவி ஓடாது, குழந்தை கத்தாது, கணவர் கூடப் பக்கத்தில் வரக்கூடாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினோம்: தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகம் திடீரென வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் டாக்டருக்குப் போன். 160/110 தொட்டால் போன்கூட வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்பதாம் மாதம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் என்று ஒரு பெரியம்மா. பிரஷர் என்றால் கட்டிலை விட்டே இறங்கக்கூடாது என்று இன்னொருவர். எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது. அத்தைதான், "டாக்டரம்மா என்ன சொன்னாங்களோ அதைத்தானுங்க செய்யறோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். டாக்டர் சொன்னது நடுவில்தான் இருந்தது. கடின வேலை வேண்டாம், நிறைய ஓய்வு எடுக்கலாம், ஆனால் நாளெல்லாம் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும், வீட்டுக்குள் நடமாட வேண்டும். உப்பே இல்லாமல் ரசம் வைக்கலாமா என்று அத்தை செக்கப்புக்கு வந்து அவரே கேட்டார். வழக்கமான உப்பு போதும், ஊறுகாயையும் அப்பளத்தையும் குறையுங்கள் என்றார் டாக்டர். இப்படி ஒருவர் கூட நின்று பேசும்போது எவ்வளவு தெம்பு வருகிறது என்பது கர்ப்பிணிக்குத்தான் தெரியும்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது வேறு ஒன்று. 35வது வாரத்தில் என் கால் விரல் எனக்கு எட்டவில்லை. நகம் வளர்ந்து செருப்பில் இடித்தது. அதைப் பார்த்துவிட்டு அத்தை நகவெட்டியோடு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். நல்ல நாளில் நான் விழுந்து கும்பிடுகிற ஆள், என் காலைப் பிடிப்பதா? "உன்னால குனிய முடியுமா அம்மிணி? முடியாதல்ல? அப்ப நீட்டு" என்றார். நீட்டினேன். ஒவ்வொரு விரலாக வெட்டிவிட்டு, பித்தவெடிப்பில் தேங்காய் எண்ணெயும் தடவினார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு நெருக்கத்தை நான் உணர்ந்ததில்லை. அன்றைக்குத்தான் அவர் தன் பிரசவங்களைப் பற்றிப் பேசினார். என் கணவருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவருக்கும் கால் வீங்கி, முகம் வீங்கி, கடைசியில் தலைவலி வந்ததாம். அன்று பிரஷர் பார்க்க ஆளில்லை. நோட்டை ஏன் அவர் கையை விட்டு இறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்புவதும் கூட்டிவருவதும் ஓரகத்தி அக்கா. கணவருக்குத் துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன். ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்த எண்), ஆதார், இரத்த வகை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வாசல் பக்கம் மாட்டியது கணவர்.

அம்மாதான் தவித்துப்போனார். "பொண்ணுக்கு ஒரு வாய் சோறு ஊட்டக்கூட நான் இல்லையே" என்று போனில் அழுவார். மூத்தவளும் அப்போது என் மடியில் உட்கார இடமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேத்திக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார், அதுவும் பாட்டோடு. அவள் போனும் கையுமாகத் திண்ணைக்குப் போய்விடுவாள். எனக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து நிம்மதியாகக் கண்ணயர அந்த நேரம் கிடைத்தது. எழுந்து நடக்க முடியாத என் அம்மா, திண்டுக்கல்லில் இருந்தபடியே எனக்குத் தூக்கம் கொடுத்தார்.

36 வாரம் முடிந்த பிறகு ஒரு காலை, நான் எழுந்து வந்ததும் அத்தை என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கண்ணு ரெண்டும் இடுங்கிப் போயிருக்கு." எனக்கு லேசாகத் தலை வலித்தது, தூக்கம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். பிரஷர் 150/100-ஐத் தாண்டியிருந்தது. டாக்டருக்குப் போன் செய்ததும் உடனே வரச் சொன்னார். இந்த முறை சிறுநீரில் புரதம் இருந்தது. அட்மிட் செய்து, மாத்திரையைக் கூட்டி, 37 வாரம் ஆகும்வரை கண்காணிப்பிலேயே வைத்திருந்தார்கள். பிறகு வலி வரவைக்க ஜெல் வைத்தார்கள்.

பிரசவ அறையில் உடன் ஒருவர் இருக்கலாம் என்றார்கள். கணவர் எழுந்து நின்றார். நான் அத்தை வரட்டும் என்றேன். அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும், ஆனாலும் "அம்மா, நீ போ" என்று சொல்லி ஒதுங்கி நின்றார். வலி ஏற ஏற அத்தை என் இடுப்பை அழுத்திவிட்டுக்கொண்டே இருந்தார். பையன் பிறந்து அழுதபோது அவரும் சத்தமாக அழுதார்.

பிரசவம் ஆனதும் பிரஷர் ஓடிவிடும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அப்படியில்லை. முதல் வாரத்தில்தான் அது மறுபடி ஏறக்கூடும், அந்த நாட்களில் கவனம் விடக்கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். வருகிறவர்கள் எல்லாரும் தொட்டிலைப் பார்ப்பார்கள். அத்தை என் கையில் பட்டையைச் சுற்றுவார். ஆறாவது வாரச் செக்கப்பில் மாத்திரையை நிறுத்தினார்கள். கர்ப்பத்தில் இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் வருடம் தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அத்தைக்கும் அதே கதைதானே? இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம்.