வரவேற்பறையில் இயந்திரம்

ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹென் நா ஹோட்டல், விருந்தினரை வரவேற்பது முதல் பெட்டிகளைச் சுமப்பது வரை பல வேலைகளை ரோபோக்களிடம் ஒப்படைத்து உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அறையிலிருந்த உதவிப் பொம்மை, உறங்குபவரின் குறட்டையைத் தனக்கிட்ட கட்டளை என்று எண்ணிப் பதில் சொல்லி அவரை எழுப்பிவிட்டதாம். 2019இல் அங்கிருந்த ரோபோக்களில் பாதிக்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது; இயந்திரங்களுக்கும் ஆட்குறைப்பு உண்டு போலும்!

உண்மையில் பயண, விடுதித் துறையை மாற்றியவை கண்ணுக்குத் தெரியாத மென்பொருள்கள்தாம். பல விடுதிகளில் கைப்பேசியே அறைச் சாவியாகிவிட்டது. தேவை கூடும்போது கட்டணத்தையும் கூட்டும் கணக்கீட்டு முறை, 1980களில் விமான நிறுவனங்களில் வளர்ந்து, பின்னர் விடுதிகளுக்கும் பரவியது. அடுத்தடுத்த அறைகளில் தங்கும் இருவர் வெவ்வேறு வாடகை செலுத்துவது அதனால்தான்.

எனக்கு உறுத்தலாக இருப்பது, வாடிக்கையாளரின் கேள்விகளுக்குத் தானே பதில் தரும் உரையாடும் மென்பொருள்தான் (chatbot). ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த அத்தகைய மென்பொருள், உறவினரின் மரணத்துக்காகப் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று கூறியது. துக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு, விதியை அறிந்து தேவைப்பட்டால் அதைத் தளர்த்தவும் அதிகாரம் பெற்ற ஒரு மனிதர் பதில் சொல்வதையே நான் விரும்புவேன்.